கேப்டன் ஊரில் ஏழு நாள்

மே 11, ட்ரூரோ

எங்கள் வீட்டில் கேப்டன் என்றால் கப்பல் ஓட்டுபவர் அல்ல. கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், தாத்தா இறங்கிய ஷிப்டுக்குப் பொறுப்பாக இருந்த வெள்ளைக்காரரைத்தான் அப்படிச் சொல்வோம். "கேப்டன் ஊரில் எந்நேரமும் மழையாம். இந்தப் பக்கம் நடந்தாலும் கடலாம், அந்தப் பக்கம் நடந்தாலும் கடலாம்" என்று எங்களுக்குக் களி உருட்டிக் கொடுத்துக்கொண்டே தாத்தா சொல்வார். அந்த ஊரின் பெயர் கார்ன்வால் என்பது நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கடலுக்குள் கால் நீட்டியதுபோல் கிடக்கும் நிலம் இது. வெள்ளீயமும் தாமிரமும் தோண்டிப் பழகிய மக்கள். 19ஆம் நூற்றாண்டில் உலோக விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்டபோது ஆஸ்திரேலியா, மெக்சிகோ, தென்னாப்பிரிக்கா என்று ஊர் ஊராகக் கிளம்பினார்கள். 1880இல் லண்டன் நிறுவனம் ஒன்று கோலாரில் தங்கச் சுரங்கங்களை ஏற்று நடத்தத் தொடங்கியதும் அங்கேயும் வந்தார்கள். அவர்களுக்குக் கீழே இறங்குவதற்கு வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போனவர்கள் நம்மவர்கள்.

தம்பி நான்கு வருடமாக ட்ரூரோவில் செவிலியராக இருக்கிறான். "வா அக்கா, இங்கே பூந்தோட்டங்கள் இருக்கின்றன, பழைய மாளிகைகள் இருக்கின்றன" என்று அழைத்துக்கொண்டே இருந்தான். சுரங்கத்தைப் பற்றி ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. பழைய வீடுகளையும் கடலோர நிலங்களையும் பொதுமக்களுக்காகக் காத்துவரும் நேஷனல் ட்ரஸ்ட் என்ற அறக்கட்டளையின் வருடச் சந்தா அட்டை வைத்திருக்கிறான். 1895இல் தொடங்கிய அமைப்பு அது. இந்த வாரம் பார்க்கப்போகும் இடங்களின் பட்டியலைச் சாப்பாட்டு மேசையில் விரித்தான். இரவு எட்டரை மணிக்கு ஜன்னலுக்கு வெளியே நம் ஊர் மாலை ஐந்து மணி வெளிச்சம்.

மே 12, லான்ஹைட்ராக்

பெரிய சாலையை விட்டு இறங்கியதும் பாதை ஒரு மாட்டு வண்டி அகலத்துக்குச் சுருங்கிவிட்டது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கல்லால் கட்டிய வேலி. கல் தெரியாதபடி மண்ணும் புல்லும் நீல மணிப்பூக்களும் மூடியிருந்தன. எதிரே வண்டி வந்தால் ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். ஒதுங்கியவருக்கு மற்றவர் கையை உயர்த்தி நன்றி சொல்லிவிட்டுத்தான் கடக்கிறார். பதினொரு வண்டிகளை எண்ணினேன். ஒருவர்கூட அதைத் தவறவிடவில்லை.

லான்ஹைட்ராக் நிலத்தை 1620இல் வாங்கியவர் ட்ரூரோ நகரத்து வணிகர் ஒருவர். வெள்ளீயத்திலும் கம்பளியிலும் வட்டித் தொழிலிலும் சேர்ந்த பணம். ராபர்ட்ஸ் குடும்பம் என்று பெயர். 1881 ஏப்ரலில் சமையலறைப் புகைபோக்கியில் பிடித்த தீ வீட்டின் பெரும்பகுதியைத் தின்றுவிட்டது. வீட்டுப் பெரியம்மாவை மாடி ஜன்னலிலிருந்து ஏணி வைத்து இறக்கினார்கள். அந்த அதிர்ச்சியில் சில நாட்களில் அவர் இறந்தார். அடுத்த வருடம் அவர் கணவரும் போய்விட்டார். மகன் திரும்பக் கட்டிய வீடுதான் இப்போது நாம் பார்ப்பது. தீயிலிருந்து தப்பிய வடக்குப் பகுதியில் 35 மீட்டர் நீளமுள்ள ஒரு கூடம் இருக்கிறது. அதன் வளைந்த கூரை முழுவதும் சுண்ணக்காரையில் வேதாகமக் கதைகள். ஆதாமும் ஏவாளும் நோவாவும் தலைக்கு மேலே புடைத்து நிற்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன்.

ஆனாலும் என்னைக் கட்டிப்போட்டது சமையலறைதான். ஒரு கோயில் மண்டபத்தின் உயரம். முழு ஆட்டைக் கோத்துச் சுழற்றும் இரும்புக் கம்பிகள், மாவு பிசைய ஓர் அறை, மீனுக்கு ஓர் அறை, இறைச்சிக்கு ஓர் அறை. பால் அறையில் பளிங்கு மேடையைச் சுற்றி வாய்க்கால் வெட்டி மலைச் சுனையிலிருந்து குளிர்ந்த நீரை ஓடவிட்டிருக்கிறார்கள், வெண்ணெய் இளகாமல் இருப்பதற்காக. எங்கள் தாத்தாவுக்குச் சுரங்கம் கொடுத்த லைன் வீடு முழுவதும் இந்தப் பால் அறைக்குள் அடங்கிவிடும். அந்த வீட்டில் நாங்கள் எட்டுப் பேர் இருந்தோம்.

அறைக் காவலுக்கு இருந்த வயதான அம்மாள் தன்னார்வலர். சுவரில் வரிசையாகத் தொங்கும் மணிகளைக் காட்டி, எந்த மணி அடித்தால் எந்த அறைக்கு ஓட வேண்டும் என்று விளக்கினார். வேலைக்காரர்கள் ஏறி இறங்கும் படிக்கட்டு தனி. அதையும் மறைக்காமல் திறந்து வைத்திருக்கிறார்கள். இது எனக்குப் பிடித்தது. நம் அரண்மனைகளில் அரியணையைக் காட்டுவார்கள், அடுப்பைக் காட்டுவதில்லை.

"எவ்வளவு அழகு, பார் அக்கா" என்றான் தம்பி. "இந்தக் குடும்பத்துக்குச் சுரங்க நிலத்திலிருந்து பங்கு வந்திருக்கிறது. எத்தனை பேர் இறங்கி ஏறிய பணம் இது?" என்று கேட்டேன். "விடுமுறைக்கு வந்திருக்கிறாய் அக்கா" என்றான். அதற்கு மேல் பேசவில்லை. அந்தக் குடும்பத்தின் மூத்த மகன், நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர், 1915இல் பிரான்சில் லோஸ் போர்க்களத்தில் காயமடைந்து இறந்தார். அந்த அறைக்கு வந்தபோது எனக்கும் பேச்சு வரவில்லை. துயரம் எல்லா வீட்டுக்கும் வந்திருக்கிறது.

மாலையில் தேநீரும் ஸ்கோனும். ஸ்கோன் என்பது உப்பிய, மெத்தென்ற ரொட்டி. மேலே ஜாம் தடவி அதன்மேல் கெட்டிப் பாலாடையை வைத்துச் சாப்பிட வேண்டும். பக்கத்து மாவட்டமான டெவனில் பாலாடை முதலில், ஜாம் பிறகு. இங்கே அப்படிச் செய்தால் முகம் மாறிவிடுமாம். எங்கள் மேசைக்கு வந்த பெண், "முதலில் ஜாம், என் கண்ணே" என்று கனிவாகச் சொல்லிவிட்டுப் போனார். பாலாடை நம் வீட்டில் சுண்டக் காய்ச்சிய எருமைப்பால் ஏடு போலவே இருந்தது. இருவருக்கும் 17 பவுண்டு. மனசுக்குள் ரூபாயாக மாற்றிப் பார்ப்பதை அன்றோடு நிறுத்திவிட்டேன்.

மே 13, தமர் ஆற்றங்கரை

வரைபடத்தில் அந்த ஆற்றின் பெயரைத் தமர் என்று படித்தேன். தமர் என்றால் நம் மொழியில் உறவினர், நம்மவர். கார்ன்வாலையும் டெவனையும் பிரிக்கும் எல்லை ஆறு அது. இக்கரையில் தமர், அக்கரையில் பிறர். அது 'டேமார்' என்று தம்பி திருத்தினான். எனக்கு அது தமர்தான்.

ஆற்றின் மேல் மேட்டில், காட்டுக்குள் ஒளிந்திருக்கிறது கொட்டீல் மாளிகை. எழுத்துக்கூட்டிப் படித்தால் இந்த உச்சரிப்பு வராது. எட்ஜ்கம்ப் குடும்பத்தின் வீடு. பெரும்பகுதி 1485க்கும் 1539க்கும் இடையில் கட்டப்பட்டது. வீட்டின் பழைய அறைகளில் இன்றும் மின்விளக்கு கிடையாது. ஜன்னல் வழியாக வரும் வெளிச்சம்தான். உள்ளே நுழைந்து ஐந்து நிமிடம் கண் பழக வேண்டியிருந்தது. பிறகு மெல்ல மெல்லச் சுவரிலிருந்து திரைச்சீலைகள் எழுந்து வந்தன. வேட்டை நாய்கள், குதிரைகள், யாரோ ஓர் அரசி. இந்தப் பெரிய திரைகளைச் சுவருக்கும் கதவுக்கும் ஏற்றபடி வெட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். இருட்டில் நின்று பார்க்கும்போது அந்தக் காலத்து மனிதர்களின் கண்ணும் நம் கண்ணும் ஒன்றாகிவிடுகிறது. இந்த ஒரு முடிவுக்காக, விளக்குப் போடாமல் விட்டதற்காக, அவர்களைக் கும்பிடத் தோன்றியது.

வீட்டுக் கோயிலின் சுவரில் ஒரு கடிகாரம். முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை, ஊசலும் இல்லை. இரும்புச் சட்டமும் பற்சக்கரமும் எடைகளும் மட்டும். மணிக்கு மணி மேலே இருக்கும் மணியை அடிக்கும். அவ்வளவுதான். 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் வைத்தது, வைத்த இடத்திலேயே இன்னும் ஓடுகிறது. பன்னிரண்டு அடிப்பதற்காகக் காத்திருந்தோம். அடித்தபோது அங்கிருந்த ஏழெட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டோம்.

ஆற்றுக்கு இறங்கும் வழியில் இன்னொரு சிறிய கோயில். மூன்றாம் ரிச்சர்ட் மன்னனை எதிர்த்த ரிச்சர்ட் எட்ஜ்கம்ப்பைப் படைவீரர்கள் துரத்தி வந்தார்களாம். அவர் தொப்பிக்குள் கல்லை வைத்து ஆற்றில் எறிந்துவிட்டு மரங்களுக்குள் ஒளிந்துகொண்டார். மிதந்த தொப்பியைப் பார்த்து ஆள் மூழ்கிவிட்டான் என்று அவர்கள் திரும்பிவிட்டார்கள். 1485இல் மன்னன் வீழ்ந்த பிறகு, ஒளிந்த இடத்திலேயே நன்றிக்கடனாக இந்தக் கோயிலைக் கட்டினார். பாண்டியனிடமிருந்து தப்பித்த பாளையக்காரர் கட்டிய கோயில் என்று நம் ஊரில் ஒரு கதை இருந்தால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது.

1947இல், இறப்பு வரிக்கு ஈடாக இந்த வீடு அரசுக்குப் போய், அங்கிருந்து அறக்கட்டளையிடம் வந்தது. பழைய மாளிகை ஒன்று இப்படி வரிக்குப் பதிலாக வந்தது இதுவே முதல் தடவை. வரிக்குப் பதிலாக வீடு, வீட்டுக்குப் பதிலாக ஊருக்கே ஒரு சொத்து. நல்ல கணக்கு.

திரும்பும்போது பின் சக்கரத்தில் வேலிக் கல் குத்தியிருக்கிறது. அது அன்றைக்குத் தெரியவில்லை.

மே 14, ட்ரூரோ

நாள் முழுவதும் மழை. மழை என்றும் சொல்ல முடியாது. மூடுபனியும் தூறலும் கலந்து காற்றில் நிற்கிறது. குடை பயனற்றது. அது மேலிருந்து விழுவதில்லை, பக்கவாட்டிலிருந்து வருகிறது. இதற்கு இங்கே 'மிஸில்' என்று ஒரு தனிச் சொல் இருக்கிறது. தாத்தா சொன்ன மழை இதுதான் போலிருக்கிறது.

தம்பி இரவுப் பணி முடித்துத் தூங்கினான். நான் கடைத்தெருவில் பாஸ்டி வாங்கினேன். 5 பவுண்டு 50. மாட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மஞ்சள் நிற முள்ளங்கிக் கிழங்கு ஆகியவற்றைப் பச்சையாகவே மாவுக்குள் மடித்து, ஓரத்தைக் கயிறு முறுக்குவதுபோல் முறுக்கிச் சுடுகிறார்கள். நம் சோமாசியின் பெரியண்ணன். முறுக்கு பக்கவாட்டில் இருந்தால்தான் கார்னிஷ் பாஸ்டி. 2011 முதல் இந்தப் பெயருக்குப் புவிசார் பாதுகாப்பும் உண்டு.

சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போன சாப்பாடு இது. ஒன்று தின்றால் அடுத்த வேளைவரை வயிறு கேட்காது. முனையில் பெயரின் முதலெழுத்தை மாவிலேயே பதித்துவிடுவார்களாம், பாதி தின்று வைத்தாலும் யாருடையது என்று தெரிவதற்காக. கடைசித் துண்டு விளிம்பைச் சுரங்கத்துக்குள் வாழும் குட்டிப் பூதங்களுக்கு விட்டுவிடுவது வழக்கம். தாத்தா துணியில் முடிந்து எடுத்துப்போனது கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும். முதல் கவளத்தைக் கிள்ளி ஓரமாக வைப்பாராம், மாரியம்மனுக்கு. பூமிக்கு அடியில் இறங்குகிறவனுக்கு எந்த ஊரிலும் அதே பயம், அதே பாரம் தாங்கும் சோறு.

மே 15, பென்சான்ஸ்

தனியாக ரயிலில் பென்சான்ஸுக்குப் போனேன். அங்கிருந்து ட்ரெங்வெயின்டன் தோட்டத்துக்குப் பஸ்ஸிலும் நடையுமாக. கார்ன்வாலில் பாதி ஊர்ப் பெயர்கள் 'ட்ரே', 'பொல்', 'பென்' என்று தொடங்குகின்றன. ட்ரே என்றால் குடியிருப்பு, பொல் என்றால் குளம், பென் என்றால் முனை. நம் பட்டியும் குளமும் முனையும் பெயரின் கடைசியில் வரும். இவர்களுக்கு முதலிலேயே வந்துவிடுகிறது. அந்த மொழியைப் பேசி வளர்ந்தவர்கள் 18ஆம் நூற்றாண்டோடு மறைந்துபோனார்கள். ஊர்ப் பெயர்கள் மட்டும் பேசிக்கொண்டிருக்கின்றன. இப்போது பள்ளிகளில் மறுபடியும் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண் சொன்னார்.

தோட்டத்தில் நுழைந்ததும் செங்கல் சுவர் கட்டிய காய்கறித் தோட்டம். நோவாவின் பேழைக்கு வேதாகமம் சொல்லும் அளவில், 300 முழ நீளமும் 50 முழ அகலமுமாகக் கட்டியது என்று சொல்கிறார்கள். பாத்திகள் தரையில் இல்லை. மேற்கு நோக்கிச் சரித்து உயர்த்தியிருக்கிறார்கள். மாலை வெயில் நேராக விழுந்து மண் சீக்கிரம் சூடேறும். காய் மற்ற தோட்டங்களைவிட முன்னால் வரும். கட்டிய ரோஸ் பிரைஸின் பணம் ஜமைக்காவில் அடிமைகளின் முதுகில் விளைந்த கரும்பிலிருந்து வந்தது. அடிமை முறை ஒழிந்ததும் குடும்பத்தின் செல்வமும் சரிந்தது. பிறகு 1867இல் வாங்கியவர்கள் வெள்ளீயம் உருக்கியும் வங்கி நடத்தியும் பெரிதான பொலித்தோ குடும்பம். நான் எந்தப் பூவின் முன்னால் நின்றாலும் கீழே யாரோ குனிந்து வேலை செய்கிறார்கள்.

ஆனால் பூக்கள் என்னவோ பூக்கள்தான். நீரோடை ஓரமாக நடக்க நடக்க ஒவ்வொரு வளைவிலும் ரோடோடெண்ட்ரான். நம் நீலகிரி மேட்டில் செக்கச்செவேலென்று பூக்கும் மரத்தின் சொந்தங்கள். 1927-28இல் கிங்டன்-வார்ட் என்ற தாவரத் தேடல்காரர் அசாமின் வடகிழக்கிலும் பர்மா எல்லையிலும் அலைந்து திரட்டிய விதைகளில் ஒரு பங்கு இந்தத் தோட்டத்துக்கு வந்தது. அந்தப் பயணத்துக்குப் பணம் கொடுத்தவர்களில் இந்த வீட்டுக்காரரும் ஒருவர். முழங்கை நீள இலையுள்ள ஒரு மரத்தடியில் இளமஞ்சள் பூக்கள் உதிர்ந்து கிடந்தன. நாகா மலையிலிருந்து வந்த இனம். ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். என்னைப் போலவே தூரத்திலிருந்து வந்து இந்த மழையில் நிற்கிறது.

மதியம் மராசயன் கடற்கரை. எதிரே கடலுக்குள் கூர்மையாக எழுந்து நிற்கிறது செயின்ட் மைக்கேல்ஸ் மவுண்ட். உச்சியில் கோட்டை, கீழே சின்னஞ்சிறு துறைமுகம். செயின்ட் ஆபின் குடும்பம் 17ஆம் நூற்றாண்டு முதல் அங்கே இருக்கிறது. 1954இல் அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டு, 999 வருடக் குத்தகைக்கு அங்கேயே குடியிருக்கிறார்கள். கடல் வற்றும்போது கல் பாவிய பாதை வெளியே வரும். ஏறும்போது மூழ்கிவிடும்.

நான் போனபோது பாதையின் நடுப்பகுதி இன்னும் முழுவதும் வெளியே வரவில்லை. சிலர் காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கியதைப் பார்த்து நானும் இறங்கினேன். தண்ணீர் எலும்பைக் கடித்தது. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி முழங்கால் அடிபட்டது. பின்னால் வந்த பதினைந்து பதினாறு வயதுப் பையன் ஓடிவந்து தோளைக் கொடுத்தான். என் செருப்பைத் தன் கையில் வாங்கிக்கொண்டு கரைவரை பேசாமல் நடந்தான். நன்றி சொன்னதும் முகம் சிவந்து நண்பர்களிடம் ஓடிவிட்டான். கோட்டையின் கீழே பாறையில் தொற்றி வளரும் தோட்டத்தில் கற்றாழையும் கள்ளியும் இருந்தன. பகலில் வாங்கிய வெயிலைப் பாறை இரவு முழுவதும் விடுவதால் அவை இந்தக் குளிர் நாட்டிலும் பிழைக்கின்றன.

மே 16, கிளெண்டர்கன்

முழங்கால் வீக்கம். மெதுவாக நடக்கக்கூடிய இடம் என்று தம்பி அழைத்துப்போனான். ஒரு பள்ளத்தாக்கு கடலை நோக்கிச் சரிகிறது. அதன் நடுவே 1833இல் நட்ட லாரல் செடிப் புதிர்வழி. ஃபாக்ஸ் என்ற கப்பல் வணிகர் பன்னிரண்டு பிள்ளைகளுக்காக அமைத்தது. இடுப்பு உயரத்துக்கு வெட்டிய பச்சைச் சுவர்கள், பாம்பு சுருண்டதுபோல். நான் மேலே பெஞ்சில் உட்கார்ந்து தம்பி நடுவுக்குப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வயதுக்காரன், சிறு வயதில் கோலார் தங்கவயலின் ராபர்ட்சன்பேட்டைத் தெருவில் ஓடியதுபோல் ஓடினான். கீழே டர்கன் என்ற மீனவர் குடியிருப்பில் நான்கைந்து வீடுகள், கூழாங்கல் கரை. குங்குமப்பூப் போட்ட ரொட்டி ஒன்றைப் பாதிப் பாதியாகத் தின்றோம். ஏழைச் சுரங்கக்காரர்களின் ஊரில் குங்குமப்பூவா என்று கேட்டேன். பண்டிகைக்கு எப்பாடுபட்டாவது ஒரு சிட்டிகை வாங்குவார்கள் என்றான். நம் வீட்டில் முந்திரி வாங்குவதுபோல்.

அங்கே உட்கார்ந்திருக்கும்போது அவனாகவே சொன்னான்: "நாளைக்குப் பொடாலக் சுரங்கத்துக்குப் போகலாம் அக்கா. நான்கு வருடமாக அந்தப் பக்கம் போகவே இல்லை."

மே 17, பொடாலக், லெவன்ட்

காலையில் பார்த்தால் டயரில் காற்று இல்லை. பழுது பார்க்கும் கடையில் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள். ரயிலில் பென்சான்ஸ், அங்கிருந்து செயின்ட் ஜஸ்ட் பஸ். தலைக்கு 3 பவுண்டு. மாடி பஸ்ஸின் முன் இருக்கை கிடைத்ததால் காரைவிட நன்றாகவே இருந்தது. வெயிலும் வந்துவிட்டது.

செயின்ட் ஜஸ்டிலிருந்து நடந்தோம். பாதை ஓரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடந்த முட்புதரிலிருந்து தேங்காய் மணம் வந்தது. முதலில் நம்பவில்லை. மூக்கை முள்ளுக்குள் நுழைத்துப் பார்த்தேன். துருவிய தேங்காயேதான்.

மேடு முடிந்ததும் கடல். பாறைச் சரிவின் அடியில், அலை தெறிக்கும் இடத்தில், இரண்டு கல் கட்டடங்கள் புகைபோக்கியோடு நிற்கின்றன. பொடாலக் சுரங்கத்தின் இயந்திர வீடுகள். கீழே இருப்பது 1835ஐச் சேர்ந்தது, தண்ணீர் இறைக்க. மேலே இருப்பது 1862, பாரம் இழுக்க. அங்கிருந்து சாய்வாகக் கடலுக்கு அடியில் சுரங்கம் போகிறது. புயல் நாட்களில் கடலடியில் பாறைகள் உருளும் சத்தம் தலைக்கு மேலே கேட்குமாம். 1863இல் ஆட்கள் ஏறிய பெட்டியை இழுத்த சங்கிலி அறுந்து ஒன்பது பேர் இறந்தார்கள். இரண்டு வருடத்தில் அதே பாதையில் இளவரசரும் இளவரசியும் வேடிக்கை பார்க்க இறங்கினார்கள்.

பக்கத்தில் வளைந்து வளைந்து போகும் அறைகள். தாதுவை வறுத்து வரும் புகையைக் குளிரவைத்து, சுவரில் படியும் ஆர்சனிக்கைச் சுரண்டி எடுத்த இடம். மூக்கில் பஞ்சும் தோலில் களிமண்ணும் பூசிக்கொண்டு உள்ளே போனார்களாம். அமெரிக்கப் பருத்தி வயல்களில் பூச்சி கொல்ல அது கப்பலேறியது. எங்கள் ஊரில் சயனைடு மேடு இருக்கிறது. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய சாம்பல் மண் மலை. ஆடிக் காற்றில் அது வீட்டுக்குள் வந்து சோற்றில் விழும். அதன்மேல் சறுக்கி விளையாடித்தான் நாங்கள் வளர்ந்தோம்.

கடலோரமாகவே நடந்தால் லெவன்ட். அங்கே 1840இன் நீராவி இயந்திரம் ஒன்றைத் தன்னார்வலர்கள் துரு சுரண்டி மீண்டும் ஓட வைத்திருக்கிறார்கள். வழிகாட்டிய முதியவர் எங்களை உடை மாற்றும் கூடத்திலிருந்து ஒரு சுருள் படி வழியாக இறக்கி, குறுகிய சுரங்கப்பாதையில் நடத்திப்போய், ஓர் ஆழ்குழியின் வாயில் நிறுத்தினார். ஆட்களை ஏற்றி இறக்கிய இயந்திரம் ஓடிய குழி. மரத்தூண் ஒன்று பன்னிரண்டு அடி மேலும் கீழுமாக ஆடிக்கொண்டே இருக்கும். அதில் படிகள். ஒரு படியில் ஏறி நின்று, அது உயர்ந்ததும் பக்கத்து மேடைக்குத் தாவி, அடுத்த படிக்குக் காத்திருந்து, இப்படியே மேலே வர வேண்டும். 1919 அக்டோபர் 20 அன்று ஷிப்டு முடிந்து ஏறிக்கொண்டிருந்தபோது தூணை இயந்திரத்தோடு இணைத்த இரும்பு முறிந்தது. 31 பேர். அதற்குப் பிறகு ஆழமான தளங்களுக்கு யாரும் போகவில்லை. 1930இல் சுரங்கமே மூடப்பட்டது.

கம்பியைப் பிடித்துக் கீழே எட்டிப் பார்த்தோம். இருட்டிலிருந்து ஈரக் காற்று முகத்தில் அடித்தது. தம்பி வெகுநேரம் நகரவில்லை. தாத்தாவின் கடைசி நாட்களில், கல்தூசி நிறைந்த மார்பைத் தடவிக்கொடுத்துக்கொண்டு இரவெல்லாம் பக்கத்தில் படுத்திருந்தவன் அவன். அவன் செவிலியர் ஆனது அங்கிருந்துதான்.

நாங்கள் எங்கிருந்து வருகிறோம் என்று முதியவர் கேட்டார். கோலார் என்றேன். அவருக்குத் தெரிந்திருந்தது. இந்தப் பகுதி வீடுகளின் பழைய பெட்டிகளில் கோலாரிலிருந்து வந்த கடிதங்கள் இருந்ததாகச் சொன்னார். எவ்வளவு ஆழம் என்று கேட்டார். சாம்பியன் ரீஃப் மூன்று கிலோமீட்டருக்கு மேல் என்றேன். "கீழே சூடு எப்படி?" என்றார். வெளியே வந்ததும் தாத்தா சட்டையைப் பிழிவார் என்று தம்பி சொன்னான். முதியவர் தலையை மட்டும் அசைத்தார். தன் அப்பாவும் தூசியில் போனவர்தான் என்றார். எங்கள் கேப்டன்களும் இந்த மண்ணில் களி தின்று வளர்ந்தவர்கள்தான், மாளிகையில் பிறந்தவர்கள் அல்லர் என்பது எனக்கு அந்த இடத்தில்தான் உறைத்தது. அதற்காகத் தாத்தா வாங்கிய வசவுகள் இல்லாமல் போகாது. ஆனாலும் உறைத்தது.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். 2006இல் இந்தச் சுரங்க நிலம் முழுவதையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இடிந்த புகைபோக்கியைக்கூடச் சுண்ணாம்புக் காரை பூசித் தாங்கி நிறுத்துகிறார்கள். இறந்தவர்களைப் பற்றிச் சொல்ல ஆள் வைத்திருக்கிறார்கள். எங்கள் சுரங்கம் மூடியது 2001இல். நூற்றிருபது வருடம் ஓடிய சுரங்கம். இரும்புக் கோபுரங்கள் துருப்பிடித்து நிற்கின்றன. தட்டிக் குடிசையிலும் லைன் வீட்டிலும் வாழ்ந்தவர்களின் பெயர்களைச் சொல்ல ஓர் அறைகூட இல்லாமல் போய்விடக் கூடாது. ஒரு சாம்பியன் ரீஃப் லைன் வீட்டை அடுப்போடும் அம்மியோடும் அப்படியே வைத்துக் காட்டினால் போதும். கொட்டீல் மாளிகைக்குக் காட்டும் அக்கறையில் நூறில் ஒரு பங்கு போதும்.

மாலை ஆறு மணி பஸ் வரவில்லை. ஏழு மணி பஸ்ஸும் வரவில்லை. நிறுத்தத்தில் அறிவிப்பு எதுவும் இல்லை. போனில் அழைத்தால் பாட்டு மட்டும் கேட்டது. காற்று வலுத்து என் முழங்கால் விண்ணென்று தெறிக்க ஆரம்பித்த நேரத்தில், ஒரு பழைய சரக்கு வண்டி எங்களைக் கடந்து போய், நின்று, பின்னால் வந்தது. ஓட்டியவர் அறுபது வயது விவசாயி அம்மாள். பக்கத்து இருக்கையில் இருந்த ஆட்டு மந்தை நாயைப் பின்னால் தள்ளி, "ஏறுங்கள், என் கண்ணுகளா" என்றார். பென்சான்ஸ் ரயில் நிலைய வாசல்வரை கொண்டுவந்து விட்டார். அவர் போக வேண்டிய ஊர் அதற்கு நேர் எதிர்த்திசையில். பணம் கொடுக்கப் போனபோது கையை மடக்கிவிட்டார்.

மே 18, ட்ரூரோ

காலையில் அம்மாவுக்குப் போன் செய்தேன். ராபர்ட்சன்பேட்டையில் மதிய நேரம், குக்கர் விசில் கேட்டது. கேப்டன் ஊரைப் பார்த்தாயா என்றார். பார்த்தேன் என்றேன். இரண்டு பக்கமும் கடல் இருக்கிறதா என்றார். இருக்கிறது, தாத்தா சொன்ன மழையும் இருக்கிறது என்றேன்.

"அங்கே சுரங்கச் சங்கு ஊதுகிறதா?"

"இல்லை அம்மா. இங்கேயும் நின்றுவிட்டது. எங்களுக்கு மூன்று வருடம் முன்னாலேயே, 1998இல், கடைசிச் சுரங்கமும் மூடிவிட்டார்களாம்."

சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தம்பி ஒழுங்காகச் சாப்பிடுகிறானா என்று கேட்டார். அவன் போனை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் போனான். நான் குங்குமப்பூ ரொட்டிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன், பெங்களூர் போய்ச் சேரும்வரை கெடாது என்று கடைக்காரப் பெண் சொல்லியிருந்தார்.